சித்தூர் ஜில்லா கோர்ட் வந்த வழி

2022 ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திரத்தில் 13 மாவட்டங்கள் 26 ஆயின. சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. கலெக்டருக்கு இடம் தேடியபோது, திருச்சானூரில் தேவஸ்தானம் கட்டியிருந்த பத்மாவதி நிலையம் என்ற யாத்ரிகர் விடுதி கிடைத்தது. பெருமாள் சொத்தில் கலெக்டர் ஆபீஸா என்று வழக்குகூடப் போட்டார்கள். ஆபீஸ் அங்கேதான் அமைந்தது. கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், பெயர்ப்பலகைகள் வந்தன. ஜில்லா ஜட்ஜ் மட்டும் வரவில்லை.

மாவட்டம் பிரிந்த அன்றும் திருப்பதி வழக்குகளுக்குத் தலைமை இடம் சித்தூர்தான். நெல்லூரிலிருந்து கழித்துத் திருப்பதியோடு சேர்த்த கூடூர், வெங்கடகிரி, சூளூர்ப்பேட்டைக்காரர்களுக்கு கலெக்டர் திருப்பதியில், ஜில்லா கோர்ட் நெல்லூரில். மதனபள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போயும் அதன் கோர்ட்டுகள் சித்தூரின் கீழேயே இருந்தன. ஒரே ஆளுக்குப் பட்டா ஒரு ஊரில், அப்பீல் இன்னொரு ஊரில்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. கலெக்டரின் எல்லையை ஒரு கெஜட் அறிவிப்பால் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றலாம். கோர்ட்டின் எல்லையை மாற்ற வேண்டுமானால் வழக்குக் கட்டுகள் நகர வேண்டும். பாதி விசாரணையில் நிற்கும் சாட்சி, தேதி போட்ட வாய்தா, நிறைவேற்றாமல் கிடக்கும் டிக்ரி, தாத்தா காலத்துப் பாகப்பிரிவினை வழக்கின் மூலப்பத்திரம் எல்லாம் சேர்ந்து நகர வேண்டும். அதனால் இந்த நாட்டில் கோர்ட் எல்லை எப்போதும் வருவாய்த் துறை எல்லைக்குப் பின்னால்தான் நடந்து வரும். சித்தூர் கோர்ட்டின் கதையே அதுதான். ஏறக்குறைய 220 ஆண்டுகளாக அது அந்த ஊரை விட்டு எங்கும் போகவில்லை. அதைச் சுற்றியிருந்த ஜில்லாதான் பல முறை இடம் மாறியது.

அமெரிக்காவில் கோர்ட் கட்டடங்களின் கதை வேறு மாதிரி. அங்கே மாநில கோர்ட் தனி, மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட் தனி. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டடம். மேற்கு மாநிலங்களில் ஃபெடரல் கோர்ட் பெரும்பாலும் தபால் நிலையத்தோடு ஒரே கூரையின் கீழ் பிறந்தது. ஒரிகான் மாநிலத்தின் போர்ட்லண்டில் 1875இல் கட்டி முடித்த பயனியர் கோர்ட்ஹவுஸ் அப்படிப்பட்டது. கோர்ட் அதை விட்டுப் போனது, பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பியும் வந்தது. கோர்ட் போன கட்டடங்கள் மியூசியமாகவும் அலுவலகமாகவும் மாறி, எது எப்போது என்ன கோர்ட்டாக இருந்தது என்று பட்டியல் போடும் அளவுக்குப் பெருகிவிட்டன. நம் நாட்டில் அந்த இரட்டைப் பாதை கிடையாது. மாநிலச் சட்டமானாலும் பார்லிமென்ட் சட்டமானாலும் திருப்பதி முன்சீப் கோர்ட்டில் தொடங்கி டெல்லி வரைக்கும் ஒரே ஏணி. ஃபெடரல் கோர்ட் என்ற பெயரில் ஒன்று நமக்கும் இருந்தது. 1937இல் தொடங்கி டெல்லி பார்லிமென்ட் கட்டடத்தில் சமஸ்தான மன்னர்கள் கூடும் மண்டபத்தில் நடந்தது. 1950இல் அது சுப்ரீம் கோர்ட்டாகி, 1958 வரை அதே மண்டபத்தில் இருந்துவிட்டுச் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. இங்கே அடிப்படி இருந்த இடத்தில் இருக்கும், மேல்படிகள்தான் ஊர் ஊராகப் போகும்.

சித்தூருக்கு வருவோம். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆர்க்காட்டு நவாப்பிடமிருந்து அவர் ஆண்ட கர்நாடகத்தை முழுதாக எடுத்துக்கொண்டது. வட ஆர்க்காடு என்று ஜில்லா பிறந்தது. பெயர் ஆர்க்காட்டுடையது, கலெக்டர் கச்சேரி சித்தூரில். முதல் கலெக்டர் ஸ்ட்ராட்டன். ஜில்லாவின் தெற்கே தமிழ், வடக்கே தெலுங்கு; மேற்கே பாளையக்காரர்கள். சித்தூர்ப் பாளையங்களை அடக்கவே கம்பெனிக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் கோர்ட் வந்தது. 1802ஆம் ஆண்டு ரெகுலேஷன்களின்படி சென்னை மாகாணத்தில் ஜில்லா கோர்ட்டுகள் ஏற்பட்டன. வரி வசூலிக்கிற கலெக்டரே தீர்ப்பும் சொல்லக் கூடாது என்ற கொள்கை, அந்த ரெகுலேஷன்களோடு வந்தது. ஜில்லா கோர்ட்டுகளுக்கு மேலே நான்கு பிராந்தியக் கோர்ட்டுகள். வடக்குப் பிரிவுக்கு மசூலிப்பட்டினம், தெற்குக்குத் திருச்சிராப்பள்ளி, மேற்குக்குத் தலைச்சேரி, மத்தியப் பிரிவுக்குச் சித்தூர்.

இன்றைக்குச் சித்தூரைக் கடந்து திருப்பதிக்கோ பெங்களூருக்கோ போகிறவர்கள், மாம்பழக் கூழ் ஆலைகளைத் தவிர அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். சென்னைக்குக் கீழே அப்பீல் கேட்கும் நான்கே நான்கு ஊர்களில் ஒன்றாக அது இருந்திருக்கிறது. பிராந்தியக் கோர்ட் ஜட்ஜுகள் அப்பீல் கேட்டதோடு, கொலை, கொள்ளை வழக்குகளுக்கு ஜில்லா ஜில்லாவாகச் சுற்றுப்பயணமும் போனார்கள். கூடவே இஸ்லாமியச் சட்ட அதிகாரி இருப்பார். குற்ற வழக்கில் அவர் தரும் ஃபத்வாவைக் கேட்டுத்தான் தண்டனை. தமிழ்ச் சாட்சி, தெலுங்குச் சாட்சி, முஸ்லிம் சட்டம், இங்கிலீஷ் ஜட்ஜ்! இந்தக் கூட்டணி நடந்ததே ஆச்சரியம். நன்றாக நடக்கவில்லை என்றுதான் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ லண்டனுக்கு எழுதி எழுதி, 1816இல் கிராமத்துக்குப் பக்கத்தில் ஜில்லா முன்சீப்புகள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்.

மன்றோவின் பேர் திருமலையில் வேறு விதமாக நிலைத்திருக்கிறது; அவர் ஏற்படுத்திய கட்டளையின் பிரசாதப் பாத்திரத்தை 'மன்றோ கங்காளம்' என்பார்கள். அவர் கேட்ட முன்சீப் கோர்ட்டைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. ஆனால் இரண்டில் எதனால் அதிகம் பேர் பயன்பட்டார்கள் என்றால் என் ஓட்டு முன்சீப்புக்குத்தான்.

திருமலைக் கோயில் அந்த நாளில் சித்தூர்க் கலெக்டரின் நேரடிப் பொறுப்பில் இருந்தது. கோயில் வருமானம், பூஜை, சிப்பந்திகள், கட்டளைகள் பற்றி 1803 ஜனவரியிலேயே ஸ்ட்ராட்டன் அறிக்கை எழுதி அனுப்பினார். 1821இல் புரூஸ் என்ற அதிகாரி 42 விதிகள் வகுத்தார். புரூஸ் கோட் என்று அதற்குப் பெயர். சண்டை வந்தால் கலெக்டர் கச்சேரியில் தீரும், கோர்ட்டுக்கு அதிகம் வேலை இல்லை. பிறகு இங்கிலாந்தில், கிறிஸ்தவ அரசு கோயில் நடத்தலாமா என்று கூச்சல் கிளம்பியது. 1843இல் கம்பெனி கோயிலைக் கை கழுவி, ஹாத்திராம்ஜி மடத்துத் தலைவரான மகந்த் சேவாதாஸிடம் ஒப்படைத்தது. அதே 1843இல்தான் 7ஆம் சட்டத்தின்படி பிராந்தியக் கோர்ட்டுகளும் ஒழிந்தன. ஒரே ஆண்டில் சித்தூர் கோயிலையும் இழந்தது, அப்பீல் கோர்ட்டையும் இழந்தது. மிஞ்சியது ஜில்லா கோர்ட்.

அந்த ஜில்லா கோர்ட்டுக்குப் பெரிய வேலை அப்புறம்தான் வந்தது. கலெக்டர் கதவைச் சாத்திக்கொண்டதால், மகந்தின் கணக்கு சரியில்லை என்று நினைத்தவர்கள் போவதற்கு இருந்தது ஒரே கதவு. மகந்துகள் ஆண்ட 90 ஆண்டுகளும் வழக்குகளின் 90 ஆண்டுகள். அவற்றில் ஊரெல்லாம் பேசியது கொடிமர வழக்கு. கொடிமரத்தைப் புதிதாக நட்டபோது அடியில் தங்கக் காசுகள் போட்ட குடங்கள் வைத்ததாகக் கணக்கு. தோண்டிப் பார்த்தால் செப்புக் காசு. 1890 வாக்கில் மகந்த் பகவான்தாஸ் மேல் குற்ற வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்தது. கோடானுகோடி பேர் கும்பிடும் கோயிலின் தலைமை நிர்வாகியைச் சாதாரணக் கூண்டில் ஏற்றினார்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட இது அழுத்தமாகப் பதிந்திருக்கும்.

அடுத்தது இன்னும் நீளமான வழக்கு. பொது அறக்கட்டளையின் நிர்வாகம் கெட்டால், அதை ஒழுங்குபடுத்தத் திட்டம் வகுத்துத் தரும்படி ஜில்லா கோர்ட்டைக் கேட்கலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் அப்போது 539ஆம் பிரிவு, இப்போது 92. திருமலைக்கு அப்படி ஒரு திட்டம் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். சித்தூரில் இருந்த வட ஆர்க்காடு ஜில்லா கோர்ட்டில் தொடங்கிய அந்தக் கட்டு, சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய் 1905இல் தீர்ப்பாகி, அங்கிருந்து கப்பலேறி லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1907இல் அங்கே முடிவு. மகந்த் பிரயாக்தாஸ் ஒரு பக்கம், வழக்குப் போட்டவர்கள் மறுபக்கம். பணத்தை எப்படிக் காப்பது, கணக்கை யார் எழுதுவது என்பதைத் தேம்ஸ் கரையில் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். பிரிவி கவுன்சிலுக்கு வழக்குப் போவதென்றால் தமிழ், தெலுங்கு ஆவணம் ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் பெயர்த்து, சாட்சியம் முழுவதையும் அச்சிட்டுப் புத்தகமாகக் கட்டி அனுப்ப வேண்டும். கீழ்க்கோர்ட் குமாஸ்தா கையால் எழுதிய வாக்குமூலம், அச்சேறி, கடல் தாண்டிப் போகும். சித்தூர் கோர்ட் தன் வாழ்நாளில் மிக நீண்ட தூரம் பயணம் போனது இப்படித்தான். 1933இல் சென்னை மாகாணச் சட்டசபையின் தனிச் சட்டம் அமலாகி, மகந்த் காலம் முடிந்து, தேவஸ்தானக் கமிட்டி வந்தது.

இதற்கிடையில் ஜில்லாவே உடைந்துவிட்டிருந்தது. 1911 ஏப்ரல் 1இல் வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர், பலமநேர், சந்திரகிரிப் பக்கங்களையும், கடப்பையிலிருந்து மதனபள்ளி, வாயல்பாடு தாலூகாக்களையும் எடுத்து, காளஹஸ்தி, புங்கனூர், கார்வேட்டிநகரம் ஜமீன் பகுதிகளையும் சேர்த்து, சித்தூர் ஜில்லா என்று புதிதாக ஒன்று செய்தார்கள். வட ஆர்க்காட்டின் தலைநகரம் வேலூருக்கு இறங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆரணிக்காரரும் வாலாஜாக்காரரும் படியேறிய கோர்ட், அவர்களுக்கு அயல் ஜில்லா கோர்ட்டாகிவிட்டது. அதுவரை அந்தக் கோர்ட்டையே பார்க்காத மதனபள்ளிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள்.

வக்கீல்கள் மட்டும் பழைய கலவையாகவே இருந்தார்கள். அவர்களில் ஒருவரைச் சொல்லலாம். திருச்சானூரில் 1891இல் பிறந்த மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார், கணக்கு வாத்தியாராகச் சில காலம் இருந்துவிட்டு 1915இல் சித்தூரில் வக்கீல் தொழில் தொடங்கினார். 1950 வரை, சிறைக்குப் போன நாட்கள் போக, அதுவே அவர் தொழில். 1956இல் மக்களவை சபாநாயகர் மாவலங்கர் இறந்தபின் அந்தப் பதவிக்கு வந்தார்; 1957 தேர்தலில் சித்தூர்த் தொகுதியிலேயே நின்று ஜெயித்தார். 35 ஆண்டுகள் ஜில்லா கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்து பழகியவருக்கு மக்களவையை அடக்குவது பெரிய காரியமாக இருந்திருக்காது.

1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் ஆந்திரத்துக்கு. தலைநகரம் கர்நூல். ஆனால் ஹைகோர்ட் தயாராக இல்லை. ஆகவே அடுத்த ஒன்பது மாதங்கள், கலெக்டர் கர்நூலுக்கு அறிக்கை அனுப்ப, சித்தூர் ஜட்ஜின் தீர்ப்பின் மேல் அப்பீல் மட்டும் சென்னைக்கே போய்க்கொண்டிருந்தது. 1954 ஜூலை 5இல்தான் குண்டூரில் ஆந்திர ஹைகோர்ட் திறந்தது. முதல் தலைமை நீதிபதி கோகா சுப்பாராவ். பின்னாளில் நாட்டின் தலைமை நீதிபதியாகி, 1967இல் கோலக்நாத் வழக்கில் அடிப்படை உரிமைகளைக் குறைக்கக் கூடாது என்று பார்லிமென்டின் கையைக் கட்டிப்போட்டவர்.

புதிய ஹைகோர்ட்டுக்கு முதலில் வந்த சிக்கல்களில் ஒன்று, சென்னை ஹைகோர்ட்டின் பழைய தீர்ப்புகள் தன்னைக் கட்டுப்படுத்துமா என்பது. மாநிலம் பிரித்துக்கொண்டு வந்தாயிற்று, தீர்ப்பையும் உதறிவிடலாமா? 1955இல் சுப்பராயுடு வழக்கில் முழு அமர்வு உட்கார்ந்து, 1954 ஜூலை 5க்கு முந்தைய சென்னைத் தீர்ப்புகள் கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டது. அந்த முடிவைப் புத்திசாலித்தனம் என்பேன். இல்லாவிட்டால் சித்தூரில் ஒவ்வொரு நிலவழக்கிலும் சட்டம் என்ன என்பதையே முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். அரசியல் மேடையில் வேங்கடம் யாருக்கு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது, கோர்ட்டுக்குள் சென்னையும் ஆந்திரமும் சத்தமில்லாமல் கைகுலுக்கிக்கொண்டன.

ஆனால் தூரம் கூடிக்கொண்டே போனது. சித்தூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் ஹைகோர்ட்டில் வேலையை முடித்து ராத்திரி வீட்டுச் சாப்பாடு. குண்டூர் 400 கிலோமீட்டர் வாக்கில். 1956 நவம்பரில் தெலங்கானாவோடு சேர்ந்து ஹைகோர்ட் ஹைதராபாத் போனபோது 550க்கு மேல். மூசி ஆற்றங்கரையில் நிஜாம் 1920இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் அழகானது, சந்தேகமில்லை. பலமநேர் விவசாயிக்கு அது இரண்டு ராத்திரிப் பயணம். 2009 ஆகஸ்டில் அங்கே தீ பிடித்துக் கட்டடமும் ஆவணங்களும் சேதமாயின. மாநிலம் பிரிந்து, 2019 ஜனவரி 1இல் ஆந்திரத்துக்குத் தனி ஹைகோர்ட் மறுபடி வந்தது. முதலில் விஜயவாடாவில் தற்காலிகமாக, பிறகு அமராவதியின் நேலபாடில். 1937இல் ஸ்ரீபாக் ஒப்பந்தத்தில், தலைநகரம் அல்லது ஹைகோர்ட் இரண்டில் ஒன்று சித்தூரும் சேர்ந்த ராயலசீமைக்கு என்று ஆந்திரத் தலைவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஹைகோர்ட் ஒருநாளும் சீமைப் பக்கம் வரவில்லை. சித்தூர்க்காரருக்கு மேல்கோர்ட் லண்டனில் இருந்த காலத்தில்கூட, நடுவில் சென்னை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

1960 ஏப்ரல் 1 அடுத்த வெட்டு. எல்லைத் தகராறில் மத்தியஸ்தம் செய்த எச்.வி. படாஸ்கர் தந்த முடிவின்படி திருத்தணி தாலூகாவும் அதையொட்டிய சில ஊர்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குச் சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன் என்று நாம் படித்திருக்கிறோம். எந்த ஊரில் எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம் என்று கணக்குப் பார்த்துத்தான் பிரித்தார்கள். ஆனால் திருத்தணியில் ஒருவர் 1955இல் சித்தூர் கோர்ட்டில் டிக்ரி வாங்கியிருந்து, 1961 வரை நிறைவேற்றாமல் வைத்திருந்தால்? எங்கே மனுப் போடுவது? சித்தூரிலா, செங்கல்பட்டிலா?

இது ஒன்றும் புதிய தலைவலி இல்லை. தாலூகா மாறினால் டிக்ரி யாருக்கு என்று சென்னை ஹைகோர்ட் 1919இலும் 1932இலும் முழு அமர்வு கூடி மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. கோர்ட்டின் வேலை வேறு கோர்ட்டுக்கு மாறினால் அதிகாரமும் கூடவே மாறும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 150ஆம் பிரிவு. மாநிலம் விட்டு மாநிலம் மாறும் எல்லைக்கு அதுமட்டும் போதாது என்பதால், எல்லை மாற்றச் சட்டத்திலேயே ஏற்பாடு செய்தார்கள். 1976இல்தான் 37ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்து, டிக்ரி கொடுத்த பழைய கோர்ட்டும், இடம் இப்போது எந்த கோர்ட்டின் கீழ் வருகிறதோ அதுவும், இரண்டுமே நிறைவேற்றலாம் என்று தெளிவாக எழுதினார்கள். இந்த ஒரு வரிக்காக எத்தனை குடும்பங்கள் இரண்டு ஊருக்கும் அலைந்தன என்பது எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் இருக்காது.

எல்லை ஒரு பக்கமாக நகர்ந்தது. வழக்காடுகிறவர்களின் மொழி அப்படி நகரவில்லை. சித்தூர், குப்பம், நகரி, சத்தியவேடு பக்கங்களில் இன்றும் தமிழ் வீட்டுமொழி. பழைய பத்திரங்கள் தமிழில் இருக்கும். சாட்சி தமிழில் சொல்வார், ஜட்ஜ் தெலுங்கில் கேட்பார், வாக்குமூலம் இங்கிலீஷில் ஏறும். இரண்டு மொழியும் தெரிந்த வக்கீல், குமாஸ்தா இருந்தவரை யாரும் இதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது.

சேஷாசலம் காட்டின் செம்மரத்துக்காக ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்திலிருந்து கூலிகளை அழைத்துப் போகும் தொழில் பெருகியது. 2013 டிசம்பரில் இரண்டு வன அதிகாரிகள் அந்தக் காட்டில் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழ்க் கூலிகளைப் பிடித்துப் போட்டார்கள். 2015 ஏப்ரல் 7இல் சந்திரகிரி அருகே 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது ஊருக்கே தெரியும். வன அதிகாரிகள் கொலை வழக்கில் பிடிபட்டவர்களைத் திருப்பதி கோர்ட் 2016இல் விடுதலை செய்தது. அதுவரை அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் மேல் என்ன சொல்கிறார்கள் என்பதே புரிந்திருக்காது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் வந்தால், திறந்த கோர்ட்டில் அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. நூறாண்டுக்கு முன்னால் இதே ஜில்லாவில் தமிழ் கோர்ட்டின் அன்றாட மொழிகளில் ஒன்று. இன்று போளூர் மலைக்காரர் அதே ஜில்லாவின் கூண்டில், மொழிபெயர்ப்பாளர் வருவாரா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

2022 ஜூனில், அன்றைய இந்தியத் தலைமை நீதிபதி என்.வி. ரமணா திருப்பதியில் செம்மர வழக்குகளுக்கென்றே தனி கோர்ட்டுகளைத் திறந்துவைத்தார். மாவட்டம் பிரிந்த இரண்டு மாதத்தில். தலைமை ஜில்லா கோர்ட் வருவதற்கு முன் மர வழக்கு கோர்ட் வந்தது என்பதிலேயே திருப்பதியின் இப்போதைய நிலைமை தெரிகிறது. கூடுதல் ஜில்லா கோர்ட்டுகள், சப் கோர்ட், முன்சீப் கோர்ட், மோட்டார் விபத்து, செக் மோசடி என்று திருப்பதியில் வழக்கு குவிகிறது. பல்கலைக்கழகங்கள், ஆஸ்பத்திரிகள், தேவஸ்தானத்தின் ஆயிரக்கணக்கான ஊழியர்கள், நிலத்தின் விலை எல்லாம் அங்கே. சித்தூரிலோ கோர்ட் ஒன்றுதான் பழைய பெருமைக்கு மிச்சம். 2016 ஏப்ரல் 7இல் அந்தக் கோர்ட் வளாகத்திலேயே குண்டு வெடித்தது. அதே ஆண்டு கொல்லம், மைசூர், நெல்லூர், மலப்புரம் கோர்ட் வளாகங்களிலும் வெடித்தன. மதுரைப் பக்கத்து இளைஞர்களைத் தேசியப் புலனாய்வு முகமை பிடித்தது. அதற்குப் பிறகு எந்தக் கோர்ட் வாசலிலும் பையைத் திறந்து காட்டாமல் உள்ளே போக முடிவதில்லை.

வாசலைத் தாண்டினால் காட்சி எந்த மாவட்டக் கோர்ட்டிலும் ஒன்றுதான். மரத்தடியில் டைப் அடிப்பவர், ஸ்டாம்பு வெண்டர், ஜெராக்ஸ் கடை, காலையிலிருந்து வாய்தாவுக்குக் காத்திருக்கும் குடும்பம். ஆனால் நகல் பிரிவில் ஒரு சான்றிட்ட நகலை வாங்கிப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். மனுப் போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டணம் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, நகல் கொடுத்த தேதி என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே பேனாவால் எழுதியிருக்கும். அப்பீல் கெடுவைக் கணக்கிடும்போது நகலுக்காகக் காத்திருந்த நாட்களைக் கழித்துவிடுவார்கள். அதனால் அந்த ஐந்து தேதிகளுக்கு உயிர். சித்தூர் நகலையும் வேலூர் நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரியும். இரண்டும் சென்னை மாகாணத்து நடைமுறை விதிகளில் வளர்ந்தவை. ஒன்றின் முத்திரை அமராவதிக்குக் கட்டுப்பட்டது, மற்றது சென்னைக்கு. 1911க்குப் பிறகும், 1953க்குப் பிறகும் யாரும் அந்த ரப்பர் முத்திரையின் வரிசையை மாற்றத் தேவை இருப்பதாக நினைக்கவில்லை.

திருப்பதிக்குத் தலைமை ஜில்லா கோர்ட் ஒன்று வர வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெங்கடகிரிக்காரர் கலெக்டரைப் பார்க்கத் தெற்கேயும் ஜட்ஜைப் பார்க்க வடக்கேயும் ஓடுவது நியாயமில்லை. ஆனால் கட்டடம் எழுப்புவதோடு வேலை முடியாது. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த நிரந்தர மொழிபெயர்ப்பாளர் பணியிடங்கள் அந்தக் கோர்ட்டோடு பிறக்க வேண்டும். சித்தூர் ஆவண அறையில் கிடக்கும் பழைய கட்டுகளை, எது எந்த ஊருக்கு உரியது என்று பிரிக்கும் முன் ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். லாரியில் ஏறும் ஆவணங்களில் எத்தனை மறுபடி இறங்குகின்றன என்பது கோர்ட் சிப்பந்திகளைக் கேட்டால் தெரியும்.

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டைப் பக்கத்தில் குடும்பச் சொத்து உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பாகப்பிரிவினை வழக்கையோ ஜமீன் கால டிக்ரியையோ தேடுகிறீர்கள் என்றால், முதலில் தீர்ப்பின் தேதியைப் பாருங்கள். 1960 ஏப்ரல் 1க்குப் பிந்தியதென்றால் தமிழ்நாட்டுக் கோர்ட்டில் கேளுங்கள். அதற்கு முந்தியதென்றால் சித்தூரில் ஒரு நகல் மனுப் போட்டுப் பாருங்கள். வேலூர், ஆரணி, வாலாஜாப் பக்கத்தாருக்கு அதே கணக்கு 1911. வழக்கு எண்ணும் ஆண்டும் தெரிந்தால் வேலை சுலபம். எண் தெரியாவிட்டால், பத்திரப் பதிவு ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, அதில் டிக்ரியைப் பற்றிக் குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.